ஐந்து கட்டிலும் ஆஸ்பத்திரி வாசலும்

பாகூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் டாக்டர் வெண்ணிலாவுக்கு அப்பா மணவாளன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உன் ஆஸ்பத்திரியின் பத்து நோயாளிகளும் அவரவர் அளவில் சௌக்கியம். கோயம்புத்தூர்ப் பயிற்சியில் நீ வேளைக்குச் சாப்பிடவும். போனில் சொன்னால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் பாதியை விட்டுவிடுவேன். அதனால் கடிதம்.

போகும்போது நீ சொன்னது ஒரே வேலை. பத்துப் படுக்கையைப் பதினைந்தாக்க அனுமதி கேட்டிருக்கிறோம், சுகாதாரத் துறை அதிகாரி பார்வையிட வருவார், கூட நின்று காட்டுங்கள் என்றாய். தீயணைப்புச் சான்று, கழிவு அகற்றும் ஒப்பந்தம், நர்சுகளின் சர்டிபிகேட் எல்லாம் அடுக்கி வைத்துவிட்டேன். நீ வாங்கிய ஐந்து புதுக் கட்டிலும் லாரியில் வந்து வாசலோரம் இறங்கின. அப்போதுதான் நர்ஸ் ஜோஸ்பின், "அய்யா, லைசென்ஸ் பத்துக்குத்தான். பதினஞ்சு கட்டிலப் பாத்தா, அனுமதியில்லாம நடத்துறோம்னு எழுதிடுவாங்க" என்றாள். ஐந்தையும் ஆளுக்கொன்றாகத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதில் ஒன்று அடுத்த தெரு இருசப்பன் வீட்டுக்குப் போனது.

நேற்றுக் காலை அதிகாரி ஜெயசுதா மேடம் அளவு டேப்போடு வந்தார். "அந்த அஞ்சு கட்டில் எங்க சார்? போட்டுக் காட்டுனாத்தானே இடைவெளிய அளக்க முடியும்?" என்றார். ஐந்து வீட்டுக்கும் போன் போட்டேன். முதலில் வந்தது இருசப்பன் வீட்டுக் கட்டில், நான்கு பேர் தோளில். அதன்மேல் அவன் மனைவி அமிர்தம், நிறைமாதம். "நீங்க கட்டிலக் கேட்டீங்க, இவளுக்கும் வலி கண்டுச்சு. ரெண்டையும் ஒண்ணா தூக்கியாந்துட்டோம்யா" என்றான் இருசப்பன்.

புதுக் கட்டில் பழையதைவிட அகலம், வாசலில் நுழையவில்லை. இரண்டு அங்குலம் இடித்தது. ஒருக்களித்துப் பார்க்கலாமா என்று புத்தியில்லாமல் கேட்டுவிட்டேன். அமிர்தம் என் சட்டையைப் பிடித்து, "இன்னாய்யா, பீரோவா நானு? எறக்கி வுடுங்க!" என்று அலறினாள். ஜெயசுதா மேடம் டேப்பைக் கீழே போட்டுவிட்டு, அவளைத் தாங்கி உள்ளே நடத்திப் போனார். உனக்குப் பதிலாக டியூட்டி பார்க்கும் டாக்டர் தமிழ்க்குமரன் இருந்தது நல்லதாயிற்று. அரை மணியில் பெண் குழந்தை. அதுவரை அமிர்தம் மேடத்தின் கையை விடவேயில்லை.

பிறந்த பிறகுதான் படுக்க வைக்க இடமில்லை என்று தெரிந்தது. சர்க்கரைக்குப் படுத்திருந்த காசம்மாள், "எனக்கு நாளிக்குத்தானே டிஸ்சார்ஜ், இன்னிக்கே வூட்டுக்குப் போறேன், புள்ளய இங்க போடுங்க" என்று எழுந்து நின்றாள். டாக்டர் சோதித்துப் பார்த்துச் சரியென்றார்.

இத்தனையும் பார்த்த மேடம், வாசலை அகலமாக்கும்வரை அனுமதி இல்லை என்று எழுதிவிட்டார். "எனக்கும் மனசு கேக்கல சார். ஆனா ஒருநாள் தீப்புடிச்சா படுத்திருக்கிறவங்கள எப்படி வெளிய கொண்டாருவீங்க?" என்றார்.

நீ கேட்ட ஒரே வேலை, அதுவும் முடியவில்லை. என்மேல் கோபப்பட்டுக்கொள், ஆனால் பயிற்சியை விட்டுவிட்டு வராதே. கொத்தனார் வீரமணி இன்றே வேலையைத் தொடங்கிவிட்டார். எல்லாம் என் பொறுப்பில் பத்திரமாக இருக்கிறது.

நீ கை வைத்த உயிரெல்லாம் நல்லபடி வீடு திரும்பட்டும், நீயும் நலமாக இரு என்று வாழ்த்தும்,
அப்பா.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பெரும் சத்தம் கேட்டது. வீரமணி வாசலைத்தான் இடித்தார், முன்சுவரும் கூடவே வந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. இப்போது கட்டில் என்ன, வில்லியனூர்த் தேரே நுழையும். கண்ணு, எந்த பஸ் கிடைச்சாலும் ஏறி வந்துடும்மா.