பழசு இக்காவின் மரப்பெட்டி

உலகத்தில் எதையுமே தூக்கி எறியத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் பழசு இக்காதான். இக்கா என்றால் கொச்சிப் பக்கத்தில் அண்ணன். மூடி தொலைந்த பேனா, பேனா தொலைந்த மூடி, இரண்டுமே அவர் மேஜையில் தனித்தனி டப்பாவில் பத்திரமாக இருக்கும்.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மிளகு சலித்தால் மேலே நாங்கள் தும்முவோம், கண் கலங்குவோம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஒரு டேட்டாபேஸின் ஒவ்வொரு வெர்ஷனையும் பேக்கேஜாகக் கட்டி, சர்வரில் அடுக்கி வைப்பது எங்கள் இருவரின் வேலை. புதுசைக் கட்டுவது நான். பழசைக் கட்டிக்கொண்டு அழுவது அவர்.

நான் சேர்ந்த அன்றே ஒரு மரப்பெட்டியை என் மேஜைக்கடியில் தள்ளி, "காலு வெச்சுக்கோ மோனே, உயரம் கொறவல்லே?" என்றார். குள்ளன் என்று சொல்ல எவ்வளவு அழகான வழி பாருங்கள்!

"பத்து வருஷப் பழசு இக்கா, அழிச்சிடலாமே" என்றால் போதும், பெற்ற பிள்ளையை விற்கச் சொன்ன மாதிரி பார்ப்பார்.

"எங்கேயோ ஒருத்தன் இதெ ஓட்டிட்டிருப்பான். அவன் வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவே?"

"யாரு இக்கா வரப்போறா?"

"வருவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை தங்கச்சி மகள் நிக்காஹுக்காக அவர் பாலக்காடு போயிருந்தபோது சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. விடுவேனா? பழசையெல்லாம் ஒரே மூச்சில் துடைத்துவிட்டு, அப்பாடா என்று சாயா குடித்தேன்.

மறுநாள் காலை இடக்கொச்சியிலிருந்து போன். ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரின் நர்ஸ். கம்ப்யூட்டர் செத்துவிட்டதாம். நோயாளிகளின் விவரங்களுக்கு நகல் இருக்கிறதாம். ஆனால் அது பழைய வெர்ஷனில் மட்டும்தான் திறக்குமாம்.

"பன்னெண்டு பேர் காத்துட்டிருக்காங்க சாரே. யாருக்கு என்ன மருந்து, எவ்வளவுன்னு எல்லாம் அதுலதான் இருக்கு. உங்ககிட்ட மட்டும்தான் கிடைக்கும்னாங்க."

இக்கா சொன்ன ஆள் வந்தே விட்டார். உடனே இக்காவுக்குப் போன் போட்டேன். பின்னணியில் ஒரே கல்யாணச் சத்தம்.

"அழிச்சிட்டேன் இக்கா. பழசு எல்லாத்தையும்."

வசவுக்குப் பயந்து போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"உன் காலு இப்ப எங்கே இருக்கு?"

"பெட்டி மேல."

"இறக்கு. பெட்டியத் தெற."

உள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் நான் அழித்த அத்தனை வெர்ஷனும் நம்பர் வாரியாக!

"எப்ப இக்கா வெச்சீங்க?"

"நீ சேர்ந்தன்னைக்கே. மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுது, இவன் அழிப்பான்னு."

பத்தே நிமிஷத்தில் பேக்கேஜ் இடக்கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டதாகச் சொல்லும்போது அந்த நர்ஸ் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. கீழே அன்று மிளகுகூடச் சலிக்கவில்லை.

இக்கா ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். பெட்டி இன்னும் என் மேஜைக்கடியில்தான் இருக்கிறது. கால் மட்டும் வைப்பதில்லை.