முப்பத்தாறைத் தொடாத மீட்டர்

முள் முப்பத்துமூன்றிலேயே நின்றது. துரைசாமி மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் அவர் தையல் பிரிவு சூப்பர்வைசர். வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே தகரக் கூரைக்கடியில் பெண்கள் வரிசை வரிசையாகக் குனிந்து தோல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் கோடையில் புதுசாக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். உலகமே சூடாகிக்கொண்டு வருகிறதாம். ஹாலில் சூடு முப்பத்தாறு டிகிரியைத் தொட்டால் மணி அடிக்க வேண்டும், அரை மணி நேரம் மெஷின் நிற்க வேண்டும். மீட்டரையும் அவர்களே அனுப்பிவைத்தார்கள். நேற்று பூவம்மாள் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். அப்போதும் அந்த மீட்டர் ஒன்றும் தெரியாததுபோல் முப்பத்துமூன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மணி அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இன்னொருத்தி விழுவாள் என்று துரைசாமிக்குப் பயம்.

"ஃபேன் காத்து மீட்டர் மேல படுது, அதான் ஏறல" என்று ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"இன்னாண்ணா, இருந்த காத்தும் போச்சு!" என்றாள் மேகலா.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. உங்க நல்லதுக்குத்தான்."

தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தார். முப்பத்திரண்டு! கண்ணாடி மேல் பொட்டுப் பொட்டாக ஈரம். பாவம், மீட்டருக்கே வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நேராக ஏசி ரூமுக்குப் போய் மேனேஜர் இஷ்தியாக் அகமதுவைக் கூட்டிவந்தார்.

"மீட்டர் கெட்டுப்போச்சு சார். நீங்களே பாருங்க."

மேனேஜர் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"முப்பத்திரண்டுதானா! நானும் ஜாஸ்தி இருக்கும்னு பேஜாராயிட்டேன். அப்புறம் எதுக்கு இங்க ஃபேனு? பேக்கிங் பக்கம் தள்ளிட்டுப் போங்க. இவங்களுக்குக் குடுக்கற மோரும் நாளைலேர்ந்து வேணாம், சளி புடிச்சுக்கும்."

ஃபேன் உருண்டு போனது. வரிசை முழுக்கத் துரைசாமியையே பார்த்தது.

"நீங்க சும்மா இருந்தாலே போதும்ணா" என்றாள் மேகலா.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மதியம் பஜாருக்கு ஓடி, சொந்தக் காசில் இன்னொரு மீட்டர் வாங்கிவந்து பழசுக்குப் பக்கத்தில் மாட்டினார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், இரண்டும் முப்பத்தொன்று.

மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்.

"சபாஷ் துரைசாமி! ஒண்ணுக்கு ரெண்டு சாட்சி. கூலா இருக்கிற கம்பெனின்னு கோடைக்கும் ஆர்டர் ஜாஸ்தி கேட்டிருக்கேன்."

துரைசாமிக்குத் தலை சுற்றியது. மேனேஜர் வேலைதான் இது, யாரையோ விட்டு மீட்டரைத் திருகவைக்கிறார் என்று முடிவு கட்டினார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

"டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனவர், பின்வாசல் வழியாக வந்து தோல் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் ஹஃப்ஸா எழுந்து போய் வாசலில் காவல் நின்றாள். மேகலா குடத்திலிருந்து ஒரு துணியை நனைத்து நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு ஒருத்தி ஸ்டூல் மேல் ஏறி, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதுபோல் இரண்டு மீட்டருக்கும் பக்குவமாக ஒற்றி எடுத்தாள். பூவம்மாள்!

துரைசாமி பாய்ந்து வெளியே வந்தார்.

"அடிப்பாவி! உனக்காகத்தானே காலைலேர்ந்து நாயா அலையறேன்! உனக்கு ரெஸ்ட் வேணாமா?"

பூவம்மாள் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை.

"மணி அடிச்சா மாசச் சம்பளம் வாங்கற உங்களுக்கு ரெஸ்ட்டுண்ணா, ஜோடிக் கணக்குல கூலி வாங்கற எங்களுக்கு அந்த அரை மணி அம்போதான்; வெயில்ல விழுந்தா மூஞ்சில தண்ணி தெளிச்சு எழுப்பிடுவீங்க, பசில விழுந்தா இன்னாத்த தெளிப்பீங்க?"