குளிர் மாஸ்டரின் நீலத் தொட்டி

விடிந்தும் விடியாததுமாகக் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் துண்டும் கையுமாக ஒரு கூட்டம். ஓட்டக்காரர்கள் நின்றார்கள், சரி. நீளம் தாண்டுகிறவர்கள் நின்றார்கள், அதுவும் சரி. சதுரங்க வீரர் எதற்கு நின்றார்? குதிரையை நகர்த்தும் விரலுக்குத் தெம்பு வேண்டுமாம்! அவருக்குப் பின்னால் நூலகர். நூலகருக்குப் பின்னால் கணக்குப் பேராசிரியர். இரண்டும் இரண்டும் நாலு என்றால்கூட நிரூபித்துக் காட்டு என்று மாணவர்களை வறுத்தெடுக்கும் மனிதர், இங்கே மூச்சுவிடாமல் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எல்லாம் குளிர் மாஸ்டரின் மகிமை.

மாஸ்டர் எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு பனிமலையில் வருடக்கணக்காக இடுப்பளவு பனியில் நின்றாராம். எதற்கு நின்றார், இறங்கி வர வழி தெரியவில்லையா என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டையோடுதான் திரிவார். கல்லூரி முதல்வர் அதைப் பார்த்தே சொக்கிப்போய், உடைந்த தடை தாண்டும் சட்டங்களும் கிழிந்த பாய்களும் அடைந்து கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டார். அங்கேதான் அந்தப் பெரிய நீலத் தொட்டி வந்து உட்கார்ந்தது. அதில் நிரம்பிய ஐஸ் தண்ணீருக்கு ‘சிகரத்தின் கண்ணீர்’ என்று மாஸ்டர் பெயர் வைத்திருந்தார். மீன் கடைக்கு ஐஸ் இறக்கும் அதே வண்டிதான் இங்கேயும் இறக்கிவிட்டுப் போனது. சிகரம் அழும்போதெல்லாம் லேசாக மீன் வாடை அடித்தது.

விளையாடி அலுத்த உடம்பு கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரில் கிடந்தால் வலி சற்றுக் குறையும். அது உண்மைதான். மாஸ்டர் அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. அவரா விடுவார்? எலும்புக்கு வேகம் ஏறும், கிழிந்த தசை ஒட்டிக்கொள்ளும், மூச்சு இரட்டிப்பாகும், தோல்வி வியர்வையாக வெளியேறும் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஐஸ் தண்ணீரில் வியர்வை எப்படி வரும் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவார். காணிக்கையை மட்டும் முங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். முங்கிய பிறகு கை நடுங்கும் பாருங்கள்!

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனையும் கைவசம் இருந்தது. “கையைப் பக்கவாட்டுல நேரா நீட்டு” என்பார். ஓர் அழுத்து. கை தொப்பென்று விழும். முங்கி வந்ததும் மறுபடி நீட்டச் சொல்வார். முகம் சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவார். கை அசையாது. கூட்டம் கைதட்டித் தீர்த்துவிடும்.

இதற்கெல்லாம் மேலே வாசலில் ஒரு பெரிய படம் தொங்கியது. இரும்புக் குண்டைத் தோளோடு சேர்த்துப் பிடித்துச் சிரிக்கும் ஒரு பெண். குண்டு எறிதலில் கல்லூரியின் பழைய சாதனையைத் தூக்கிச் சாப்பிட்டவள். எல்லாரும் அவளைக் ‘கிரேன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: ‘குளிர் தந்த வலிமை!’

அந்தப் படத்தைத் தாண்டும்போதெல்லாம் கிரேன் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உண்மை என்னவென்றால், அவள் ஒரு நாள்கூட அந்தத் தொட்டியில் இறங்கியதில்லை.

இரும்பைத் தூக்கி வீசுகிறவளுக்குக் குளிர்ந்த தண்ணீர் என்றால் குலைநடுக்கம். முதல் நாளே உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தொட்டியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். மூலையிலிருந்த குழாயில் தலையை மட்டும் நனைத்து, “ஐயோ அம்மா!” என்று நாலு கூச்சல் போட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டித்தபடி வெளியே வந்தாள். மாஸ்டர் கையை அழுத்தினார். அசையவில்லை. “பார்த்தீங்களா!” என்று முழங்கினார். ஒருவேளை முங்கித்தான் விட்டோமோ என்று கிரேனுக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது.

அவள் எறியும் தூரம் கூடியதற்குக் காரணம் எடைப் பயிற்சி. அப்புறம் கோச் திருத்திக் கொடுத்த கால்வைப்பு. அதைவிட முக்கியம், மற்றவர்கள் வரிசையில் நின்ற நேரத்தில் அவள் போட்ட தூக்கம். ஆனால் தூக்கத்தைப் படம் எடுத்து வாசலில் மாட்ட முடியுமா?

விளையாட்டாகப் போயிருக்க வேண்டிய பொய். தங்கை வந்து அதில் காலை விட்டாள்.

தங்கையும் அதே கல்லூரிதான். ஒல்லிக்குச்சி உடம்பு, சிட்டாய்ப் பறப்பாள்; பேரும் ‘சிட்டு’ என்றே நிலைத்துவிட்டது. தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்று அவளுடையது. பயிற்சியில் ஒரு நாள் பின்தொடையில் சுரீரென்று பிடித்தது. கல்லூரி டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, தசை கிழிந்திருக்கிறது, இந்த நிலையில் ஓடினால் முழுசாய் அறுந்துவிடும், அப்புறம் ஓட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான் என்று கண்டிப்பாகச் சொன்னார். சிட்டு நேரே மாஸ்டரிடம் போனாள். காலை, மதியம், மாலை என்று தொட்டியிலேயே குடியிருந்தாள்.

தொடர் ஓட்டப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, விடுதி அறையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைக் கிரேன் பார்த்துவிட்டாள்.

“என்னடி இது, வலியே இல்லைன்னு சொன்ன?”

“முங்கி வந்தா வலியே இல்லக்கா. ராத்திரிதான் கொஞ்சம் வருது.”

“குளிர்ல மரத்துப் போகுதுடி. மரத்துப் போறதும் ஆறிப் போறதும் ஒண்ணா? டாக்டரம்மா அவ்வளவு தூரம் சொன்னாங்களே!”

“அவங்களுக்கு என்ன தெரியும்? அவங்க முங்கியிருக்காங்களா?” சிட்டு உதட்டைச் சுழித்தாள். “நீ மட்டும் முங்கி முங்கிச் சாதனை பண்ணுவ, நான் பண்ணக் கூடாதா? வாசல்ல உன் படத்தைப் பார்த்துட்டுத்தானே நானே போனேன்.”

கிரேன் தங்கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

“சிட்டு, நான் முங்கவே இல்லடி. தலையை மட்டும் நனைச்சுட்டு வந்துடுவேன்.”

சிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “கதை விடாத! உன் கூச்சல் மைதானம் வரைக்கும் கேட்டுதே!”

இத்தனை நாள் பொய்யை ஊரே நம்பியது. இன்று உண்மையைக் கூடப்பிறந்தவளே நம்பவில்லை. கிரேனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தன் வாயால்தான் தங்கை காலை இழக்கப்போகிறாள் என்ற பயம்.

போட்டிக்கு முந்தின நாள் கூடத்தில் பெரிய விழா. முதல்வர் முன்வரிசையில். பெற்றோர்கள் பின்வரிசையில். சிட்டு அப்போதுதான் தொட்டியிலிருந்து எழுந்து வந்து, உதடு நீலம் பாரித்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் கிரேனைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்தார்.

“சொல்லும்மா! இந்தத் தண்ணி உனக்கு என்ன செஞ்சுது?”

கிரேன் ஒலிபெருக்கியை வாங்கினாள். “நான் சொல்றதைவிட மாஸ்டரே காட்டட்டும். நாங்க பத்துப் பேர் உள்ள போறோம். அஞ்சு பேர் போட்ட உடுப்போடவே முங்குறோம், அஞ்சு பேர் முங்கல. எல்லாரும் தலையை நனைச்சு, போர்வையைப் போர்த்திக்கிட்டு வரோம். மாஸ்டர் கையை அழுத்திப் பார்த்து, முங்கினது யாருன்னு சொல்லட்டும்.”

மாஸ்டர் முகம் ஒரு விநாடி மாறியது. “சந்தேகப்பட்டா தண்ணி கோவிச்சுக்கும்மா.”

“தண்ணியை நான் சமாதானப்படுத்திக்கிறேன் மாஸ்டர்.”

முதல்வர் துள்ளி எழுந்தார். “பிரமாதமான யோசனை! இது மட்டும் நிரூபணம் ஆகட்டும், துறைக்கு ஒரு தொட்டி போட்டுடலாம்!”

துறைக்கு ஒரு தொட்டியா! மாஸ்டரின் நாக்கில் எச்சில் ஊறியது. “ஆகட்டும்” என்றார்.

உள்ளே போனதும் கிரேன் கதவைத் தாழிட்டாள். “யாரும் முங்க வேண்டாம். தலையை மட்டும் நனைச்சுக்கோங்க. கூச்சல் மட்டும் பலமா இருக்கட்டும்.” எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். குத்துச்சண்டை வீரரோ, “அப்பாடா!” என்று சுவரில் சாய்ந்துவிட்டார்.

“நான் எப்பவுமே அப்படித்தான் பண்றேன்” என்றார், வெட்கத்தோடு. “எல்லாரும் முங்குறாங்களே, நான் மட்டும் பயந்தாங்கொள்ளின்னு ஆயிடுமேன்னு...”

“அண்ணா, நீங்களுமா?” என்றான் ஈட்டி எறிகிறவன். உயரம் தாண்டும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் கால் கட்டைவிரலுக்கு மேல் நனைத்ததே இல்லையாம். ஒருவர் கூச்சலைக் கேட்டு ஒருவர் நம்பி, அந்த நம்பிக்கையில் தானும் கூச்சல் போட்டு, கல்லூரியே தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது! சிரிப்பை அடக்க முடியாமல் பத்துப் பேரும் போட்ட அலறல், வெளியே இருந்தவர்களுக்குத் தெய்விகமாகக் கேட்டது.

போர்த்திக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். மாஸ்டர் கண்ணை மூடினார், காற்றை முகர்ந்தார், கைகளை அழுத்தினார். குத்துச்சண்டை வீரர் கை விழவில்லை. “முங்கியவர்!” ஈட்டிக்காரன் கை விழுந்தது. “முங்காதவன்!” உயரம் தாண்டுகிறவள் கையும் விழவில்லை. “ஆகா, பரிபூரணம்!” கிரேனிடம் வந்தபோது முகம் சிவக்க அழுத்திவிட்டு, “இது சந்தேகமே இல்லாம சிகரத்தின் சக்தி” என்றார். சரியாக ஐந்து பேர் தேறினார்கள். கூடம் அதிர்ந்தது.

“போர்வையை எடுங்கப்பா” என்றாள் கிரேன்.

பத்துப் பேரும் உதறினார்கள். கழுத்துக்குக் கீழே ஒருவர் மேலும் ஒரு சொட்டு ஈரமில்லை. முதல்வர் மேடையேறி ஒவ்வொருவர் சட்டையாகத் தடவிப் பார்த்தார். குத்துச்சண்டை வீரரைப் பிழிந்தே பார்த்தார்.

மாஸ்டர் அசரவில்லை. “நேத்து முங்கின சக்தி இன்னும் உடம்புல நிக்குது!”

“அப்போ நீங்க கழிச்சுக்கட்டின அஞ்சு பேரும் நேத்து எங்க போனாங்க?”

“அவங்க நம்பிக்கை இல்லாம முங்கினவங்க!”

“நான்?”

“நீ முழு நம்பிக்கையோட முங்கினவ!”

“நான் இன்னிக்கு வரைக்கும் அந்தத் தொட்டியில இறங்கினதே இல்ல, மாஸ்டர்.” கிரேன் மாஸ்டரைப் பார்த்துச் சொல்லவில்லை. பெஞ்சிலிருந்த தங்கையைப் பார்த்துச் சொன்னாள். “படத்துல இருக்கிறவ பொய்க்காரி. இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தது என் தப்பு.”

சிட்டு குத்துச்சண்டை வீரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். உயரம் தாண்டுகிறவள் கூரையைப் பார்த்தாள். சிட்டுவுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கல்லூரியிலேயே உண்மையாக முங்கியது அவளும், அவளைப் போல வெள்ளந்தியான நாலைந்து பேரும்தான்.

“அப்போ கை எப்படி விழாம நின்னுது?” என்றார் முதல்வர் பரிதாபமாக.

“நீட்டுங்க சார்.” கிரேன் அவர் முழங்கைக்கு மேலே, தோளை ஒட்டி அழுத்தினாள். கை அசையவில்லை. “நீங்க எப்ப முங்கினீங்க?”

“நானா? வெந்நீர் இல்லாம நான் முகம்கூடக் கழுவ மாட்டேனே!”

“இப்ப பாருங்க.” மணிக்கட்டில் லேசாகத் தட்டினாள். கை தொப்பென்று விழுந்தது. “தோள்கிட்ட அழுத்தினா நிக்கும், நுனியில அழுத்தினா விழும். மாஸ்டர் விரல் எங்க உக்காருதுன்னு பாருங்க, மூஞ்சியைப் பார்க்காதீங்க. மாஸ்டர், நீங்களும் ஒரு தடவை நீட்டுங்க!”

பனியில் வருடக்கணக்காக நின்ற கை, மணிக்கட்டில் கிரேனின் இரண்டு விரல் பட்டதும் தொய்ந்து விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்த நிமிடம் கூடம் முழுக்க ஒருவர் கையை ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அப்பாக்கள் அம்மாக்களை அழுத்தினார்கள், நூலகர் கணக்குப் பேராசிரியரை அழுத்தினார். “நெம்புகோல்! வெறும் நெம்புகோல்!” என்று பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் களேபரத்தில் மாஸ்டர் பின்வாசலுக்கு நழுவினார். போகிற போக்கில் பையிலிருந்து ஒரு கம்பளி ஸ்வெட்டரை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டு ஓடியதைப் பலபேர் பார்த்தார்கள்.

கிரேன் தங்கையின் முன்னால் மண்டியிட்டாள். குளிர் இறங்க இறங்க வலி ஏறிக்கொண்டிருந்தது. சிட்டு தொடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“அக்கா, நாளைக்கு நான் ஓடல.” சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“ஓடாதடி. கால் இருந்தா அடுத்த வருஷம் ஓடலாம். என் கூச்சலை நம்பித்தானே இந்தப் பாடுபட்ட, என்னை நாலு சாத்து சாத்து.”

சிட்டு சாத்தினாள். நிஜமாகவே நாலு. செய்தி கேட்டு ஓடிவந்த டாக்டரம்மா சிட்டுவின் காலுக்குக் கட்டுப் போட ஆரம்பித்தார். அடி விழுந்த தோள் கிரேனுக்கு இன்னும் சுரீரென்றது. இத்தனை சந்தோஷமாக அவள் அடி வாங்கியதே இல்லை.

அப்போது கோச் தயங்கித் தயங்கி வந்தார். அவருக்குப் பின்னால் நூலகர், சதுரங்க வீரர், இன்னும் பத்திருபது பேர். வழக்கம் போல வரிசை கட்டிவிட்டார்கள்.

“ஏம்மா கிரேன்,” கோச் குரலைத் தாழ்த்தினார். “நீ முங்காமத்தானே இவ்வளவு தூரம் எறிஞ்ச? அப்போ முங்காம இருக்கிறதுக்கு ஏதாவது முறை இருக்கா? தினமும் எவ்வளவு நேரம் முங்காம இருக்கணும்?”

பதில் சிட்டுவிடமிருந்து வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“எல்லாரும் இத்தனை நாள் தலையை நனைச்சது போதும் சார். இனிமேலாவது அதை வெச்சுக் கொஞ்சம் யோசிங்க!”