பச்சைப் பொத்தானின் பன்னிரண்டு பக்கங்கள்

புதுக்கடைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பேரூராட்சியில், சந்தை முக்கில், இலவசக் குடிநீர் இயந்திரம் ஒன்று நிறுவப்பட்டது. நிறுவப்படும் எந்தப் பொருளுக்கும் ஒரு தொழில்நுட்ப விளக்கக் குறிப்பு இருந்தாக வேண்டும் என்பது விதி. தண்ணீர் வந்தாக வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

குறிப்பு எழுதும் பொறுப்பு தற்காலிகப் பணியாளர் ரேஷ்மியின் தலையில் விழுந்தது. பொறியியல் படித்தவள், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வியர்த்துப்போகிறவள். நாகர்கோவிலில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 'யார் வாசிக்கப் போகிறாரோ அவருக்காக எழுது' என்பதுதான் மூன்று நாளும் பாடம். மதியம் பிரியாணி.

திரும்பி வந்து பார்த்தால், ஜனங்கள் பொத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கேடாயிருக்கு" என்று போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பத்து வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் ஊரார் ஆயிரம் லிட்டராவது பிடிக்காவிட்டால் இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விடும். ரேஷ்மியின் தெருவில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. தொலைவிலிருந்து குடம் சுமந்து சுமந்தே அவள் அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது.

அவள் எழுதினாள்: 'பச்சைப் பொத்தானைப் பத்து வினாடி விடாமல் அழுத்துங்கள். தண்ணீர் வரும்.'

செயல் அலுவலர் ஞானையன் வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"மீதி எங்கம்மா?"

"அவ்வளவுதான் சார். பொதுமக்களுக்கு உள்ளது."

"பொதுமக்களுக்கு உள்ளத மொதல்ல வாசிக்கது யாரு?"

"நீங்க, சார்."

"அப்போ நான் பொதுமக்களா?"

பயிற்சியில் இந்தக் கேள்வி வந்திருக்கவில்லை.

"எனக்கு மேல உள்ளவரு வாசிப்பாரு. அவருக்கும் மேல உள்ளவரு வாசிப்பாரு. வாசிக்கவங்களுக்காக எழுதணும்னுதானே படிச்சிட்டு வந்த?"

மறுக்க முடியாத வாதம். ரேஷ்மி உட்கார்ந்து எழுதினாள். பொத்தான், 'பச்சை நிற வட்ட வடிவ இயக்கு விசை' ஆயிற்று. விரல், 'பயனாளியின் வலக்கைச் சுட்டுறுப்பு' ஆயிற்று. இடக்கைக்காரர்களுக்கென்று ஓர் இணைப்பு. பத்து வினாடி ஏழாம் பக்கத்தில் இருந்தது. தண்ணீர் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் வந்தது, அதுவும் 'வெளிப்பாடு' என்ற பெயரில். அனுமதி பெறாத விளக்கத்தை வாயால் சொல்வதும் வெளியீடே ஆகும் என்று, மேலிடத்து ஒப்புதல் வரும்வரை அவள் வாயைக் கட்ட ஒரு குறிப்பாணையும் வந்தது.

ஒப்புதல் வந்தபோது மாதம் முடிய நான்கு நாள். கடைசிப் பக்கத்தின் அடியில் தன் பழைய இரண்டு வரியையும் 'எளிய வடிவம்' என்று ரேஷ்மி ஒட்டவைத்திருந்தாள். அவ்வளவு தூரம் யாரும் வாசிக்காததால் அதற்கும் அனுமதி கிடைத்துவிட்டது. ஓடிப்போய் அந்த இரண்டு வரியைத் தனித்தாளில் இயந்திரத்தின்மேல் ஒட்டினாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு கூட்டம் வந்தது. முன்னால் டீக்கடை மைதீன் கனி.

"ஏ மக்கா, மேலாபீசுக்குப் பன்னெண்டு பக்கம் போச்சாம். எங்களுக்கு ரெண்டு வரியா?"

"அது போதும் மாமா. அழுத்திப் பிடிச்சா..."

"எங்கள வெவரம் கெட்டவங்கன்னு நெனச்சியா? எம் மவன் சுஹைல் துபாயில எஞ்சினியராக்கும்!"

"பாகுபாடு ஒழிக!" என்றார் பின்னாலிருந்து மளிகைக்கடை தாணுலிங்கம்.

ஞானையன் மக்கள் உணர்வை மதிப்பவர். அன்று மாலையே பன்னிரண்டு பக்கமும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, இயந்திரத்தின் பக்கத்தில் நின்றன. குத்துவிளக்கு ஏற்றித் திறந்துவைத்தார். அழகைக் கெடுக்கிறது என்று இரண்டு வரித் தாளைக் கிழித்துவிட்டார்கள். ஊரார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசித்தார்கள். பொத்தான் பக்கம் ஒருவரும் போகவில்லை.

ரேஷ்மி உள்ள தைரியத்தையெல்லாம் திரட்டி, "அழுத்துங்க மாமா" என்றாள்.

"சும்மா இரி மக்கா. பன்னெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்குன்னா லேசுப்பட்ட சாமானா? முழுசும் வாசிக்காம தொட்டு ஷாக்கடிச்சா?" மைதீன் கனி அப்போது மூன்றாம் பக்கத்தில் இருந்தார்.

அவளே பொத்தானை அழுத்தி ஒரு குடம் பிடித்துக் காட்டினாள்.

"எழுதினவளுக்குத் தெரியாம இருக்குமா!" என்றார்கள், மிகுந்த மரியாதையோடு.

மாதக் கடைசியில் ஆய்வாளர் வந்து மீட்டரைப் பார்த்தார். பதினைந்து லிட்டர். இயந்திரம் லாரி ஏறி மயிலாடிப் பக்கம் போயிற்று. விளக்கக் குறிப்பு மாவட்டத்துக்கே முன்மாதிரி என்பதால் அதை மட்டும் இங்கேயே விட்டுச்சென்றார்.

இரண்டு நாள் கழித்து மைதீன் கனி வந்தார். "மிஷின திருப்பித் தரச்சொல்லி ஒரு மனு எழுதித் தா மக்கா. ஊரே கையெழுத்துப் போடும்."

ரேஷ்மி எழுதினாள்: 'எங்கள் ஊருக்குக் குடிநீர் இயந்திரத்தைத் திருப்பித் தாருங்கள்.'

அவர் வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"மீதி எங்க மக்கா?"

ரேஷ்மி அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு புதுத்தாள் ஒன்றை எடுத்து, 'பார்வையில் காணும் பொருள் தொடர்பாக, மேற்படி இயந்திரம் நிறுவப்பட்டிருந்த காலத்து நிலவிய சூழல் குறித்து' என்று தொடங்கினாள்.

மைதீன் கனியின் முகம் மலர்ந்தது.

"ஆங், இப்பந்தான் தண்ணி வாற மாதிரி இருக்கு."