மாணவி தட்டு கழுவ மாட்டாள்

தொட்டியில் பதினோரு தட்டுகள் கிடந்தன. வீட்டில் சாப்பிட்டவர்களோ நான்கே பேர்.

ஐம்பத்திரண்டு வயதில் கல்லூரியில் சேர்ந்து, வகுப்புப் பிள்ளைகளிடம் ‘சீனியர்’ என்று பெயர் வாங்கியவள் அவள். வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றோடு ஒரு மாதம் தங்கி, அவர்கள் வாழ்க்கையைப் படித்து எழுதும் பாடத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்தபோது, கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அப்போ சாப்பாட்டுக்கு?”

“அடுப்பு இருக்கு, உங்களுக்குக் கை இருக்கு,” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

வந்து இறங்கிய வீட்டில் ஒரு பஸ் டிரைவரும், வளர்ந்த மகன்கள் இருவரும். வீட்டம்மாவைக் காணோம். போய்ச் சேர்ந்திருப்பாள் என்று இவளாகவே நினைத்துக்கொண்டு, கேட்டுப் புண்படுத்த வேண்டாமென விட்டுவிட்டாள்.

முதல் நாள், மரியாதைக்குத் தன் காபிக் கோப்பையைக் கழுவி வைத்தாள். மறுநாள் எல்லார் கோப்பைகளும் தொட்டியில் அவளுக்காகக் காத்திருந்தன.

கூட வந்திருந்த பேராசிரியைக்குப் போன் போட்டாள். “மேடம், நான் படிக்க வந்தேனா, பாத்திரம் தேய்க்க வந்தேனா?”

“அடடா, அதுக்குள்ள வீட்டோட ஒட்டிட்டீங்களே!” என்று பூரித்த பேராசிரியை, டிரைவரிடமும் பேசினாள். “அவங்களுக்கு வீட்டு வேலைன்னா ரொம்ப ஆர்வம்.”

அன்று மாலையே அழுக்குத் துணிக்கூடை வந்து சேர்ந்தது.

மூன்றாம் நாள் இடுப்பு வலி என்று படுத்துக்கொண்டாள். பெரியவன் பதறிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டான். கூடவே இஸ்திரிப் பெட்டியும் பதினான்கு சட்டைகளும்.

“உக்காந்துக்கிட்டே பண்ணலாம் ஆன்ட்டி. சிரமப்படாதீங்க.”

நான்காம் நாள்தான் இந்தப் பதினோரு தட்டுகள்.

சீனியருக்குச் சுரீரென்றது. இதற்காகவா இரண்டு வருடம் இவர்கள் மொழியை மண்டையில் ஏற்றினோம்? நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து, சமையலறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“மூணு பேரும் வாங்க. நான் இந்த வீட்டைப் பாத்து எழுத வந்தவ. இன்னிக்கு நீங்களே சமைக்கிறீங்க, நீங்களே கழுவுறீங்க.”

“எங்களுக்குத் தெரியாதே,” என்றார் டிரைவர்.

“அதையும் எழுதிக்கிறேன். அவ்வளவு பெரிய பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற மனுஷனுக்கு வெங்காயம் உரிக்க வரலை.”

“நீங்க கொஞ்சம் கை கொடுத்தா…” சின்னவன் இழுத்தான்.

“முடியாது. ஃபெயிலாக்கினாலும் சரி, ஊருக்குத் திருப்பி அனுப்பினாலும் சரி. இந்தக் கை இனிமே பேனாவைத்தான் பிடிக்கும்!”

அரை மணி நேரத்தில் வெங்காயம் கரியாகி, வீடெல்லாம் புகை. டிரைவர் இருமிக்கொண்டே தட்டு கழுவினார். சீனியர் இருமிக்கொண்டே எழுதினாள். நாற்காலியை விட்டு அசையவில்லை.

புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்ற ஆண்களைக் கண்டு வாசலிலேயே வாயைப் பிளந்தாள்.

“திட்டணும்னா திட்டிக்குங்க. நான் எழுந்திரிக்க மாட்டேன்,” என்றாள் சீனியர்.

“திட்டுறதா? முதல்ல இந்த வீட்டம்மாவுக்குப் போன் போடணும்! அவங்களும் உங்களை மாதிரி வெளிநாட்டுக்குப் படிக்கத்தான் போயிருக்காங்க. ‘ஒரு தட்டைக்கூடத் தொடாத ஒருத்தியா பாத்து அனுப்புங்க, இவங்க திருந்தட்டும்’னு உங்க காலேஜுக்கு எழுதிப் போட்டு உங்களை வரவழைச்சதே அவங்கதான், நீங்க பாத்திரம் தேய்க்கிறீங்கன்னு நான் சொன்னதுலேருந்து அங்கே ஒரே அழுகை!”