ஒரே போன், நூற்று நாற்பது பேர்

தொலைபேசியின் வரலாற்றை எழுதப் புகும் அறிஞர்கள் திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். உலகமெங்கும் ஒரே கையில் இருந்த தொலைபேசியைப் பிடுங்கி ஊருக்கெல்லாம் பங்கு போட்டார்கள். நாங்களோ நூற்று நாற்பது பேர் கையில் இருந்த செல்போன்களைக் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு, ஆபீஸ் மேசையில் ஒரே ஒரு போன் வைத்தோம். முன்னேற்றம் என்றால் இதுவல்லவா!

அதைக் கட்டிக்காக்க 'தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்' பிறந்தது. தலைவர், முதலாளி பொங்கியண்ணன். உறுப்பினர், அவர் மச்சினர் கதிர்வேல். செயலாளர், அடியேன் அந்தோணிராஜ்.

முதல் நாளே செக்கிங் மேசைக் கருத்தம்மா வந்து நின்றார்.

“சார், எம் மவ ஆஷாவுக்குப் பிரசவம் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. என்னைய விட்டா அவளுக்கு ஆளு கிடையாது. போனை மட்டும் வச்சிக்கிடுதேன்.”

“ஏனுங்க, கம்பெனி போன் எதுக்குங்க இருக்குது?” என்றார் முதலாளி கனிவாக. “அந்த நம்பர உங்க புள்ளகிட்டக் குடுத்துப்போடுங்க. தகவல் தானா வந்து சேருமுங்க.”

மறுநாள் பத்தரைக்கு மணி அடித்தது. ஆஷாதான்.

“வலி வந்துட்டு சார். ஆஸ்பத்திரிக்குப் போறேன். அம்மாவ உடனே வரச் சொல்லுங்க.”

ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எட்டடி தள்ளி, கருத்தம்மா திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அனுமதி பெறாத தகவலைச் சொல்லக் கூடாது என்பது விதி. எனவே புன்னகையோடு நிறுத்திக்கொண்டேன்.

தகவலைச் சீட்டில் மூன்று பிரதிகள் எழுதினேன். தலைவர் தம் செல்போனில் பேசி முடித்துக் கையெழுத்துப் போட முக்கால் மணி நேரம். கதிர்வேல் கையெழுத்துப் போடுவதற்குள் டீ வந்துவிட்டது.

அடுத்துதான் எங்கள் மகத்தான கண்டுபிடிப்பு: 'பண்டல் தபால்'. வேலை நேரத்தில் யாரும் மேசைகளுக்கு நடுவே நடக்கக் கூடாதல்லவா? வெட்டிய துணிக் கட்டு மேசை மேசையாக நகர்ந்து கடைசியில் செக்கிங்குக்குத்தான் வரும். அதில் சீட்டைச் செருகிவிட்டால் தீர்ந்தது!

செருகினேன். அந்தக் கட்டு யானைப் படம் அச்சிட அனுப்பர்பாளையம் போகிற கட்டு என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

ஷிப்ட் முடிந்து பெட்டியைத் திறந்தபோது கருத்தம்மாவின் போனில் இருபத்திரண்டு மிஸ்டு கால். குழந்தை நாலு மணிக்கே பிறந்துவிட்டதாம். ஆஷா பக்கத்தில் யாருமே இல்லையாம்.

ஐந்தாம் நாள் அவர் வேலைக்குத் திரும்பினார். கட்டும் திரும்பியது. சீட்டின் மேல் அழகான நீல யானை!

“பாத்தீங்களா, ஒரு எழுத்துக்கூட அழியலீங்க!” என்று கதிர்வேல் கைதட்டினார்.

தகவல் சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்க நோட்டுடன் நானே போனேன். கருத்தம்மா சீட்டைப் படித்தார்.  நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அன்னைக்கு மணி அடிச்சப்ப, எனக்கான்னு கண்ணாலயே கேட்டேனே சார். நீங்க சிரிச்சியளே.”

ஆமாம், சிரித்தேன். அதற்கு மட்டும் மூன்று பிரதியும் வேண்டியிருக்கவில்லை, யார் கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை.