மோப்பம் ஒட்டிய மஞ்சள் காகிதம்

மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை மனிதர்களை நம்பாதவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். தயிரை நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அவரை நாங்கள் மோப்பம் என்று அழைத்தோம். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். அதை அவர் யாரிடமும் காட்டியதில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வயலெல்லாம் கம்பெனியாகிக்கொண்டிருந்தது. மண்ணூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறையில் ஐந்தாறு பேர் அடைந்து கிடந்தோம். எல்லாரும் தெற்கத்திக்காரர்கள், எல்லாரும் ஷிப்ட் வேலை. கோவில்பட்டிக்காரரான மோப்பம்தான் எங்களில் மூத்தவர். பிஸ்கட்டுக்கும் சிப்ஸுக்கும் கவர் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன். கவர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று எட்டு மணி நேரம் சந்தேகப்படுவதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அறைக்கு வந்த பிறகு அதையே இலவசமாகச் செய்தார்.

பால் பாக்கெட்டைப் பிரித்ததும் முகர்வார். தன் மூக்கின் மேலும் நம்பிக்கை இல்லாமல் என்னைக் கூப்பிட்டு முகரச் சொல்வார். "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

"நேத்து தும்முன இல்லா? ஒன் மூக்க எப்படி நம்பச் சொல்லுத?"

கோயிலில் பொங்கல் வாங்கி முகர்ந்தவர் அவர். பூசாரி முறைத்ததும், "சாமியச் சந்தேகப்படல சாமி, நெய்யத்தான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒருநாள் அவருடைய மேனேஜர் வெளிநாட்டுச் சாம்பிள் ஒன்றைக் காட்டியிருக்கிறார். இறைச்சி அடைத்த பெட்டி, அதன் மூடியில் பொட்டு மாதிரி ஒரு ஸ்டிக்கர். உள்ளே இருப்பது கெட்டுப்போனால், அதிலிருந்து கிளம்பும் வாயு பட்டு ஸ்டிக்கர் நிறம் மாறிவிடுமாம். மோப்பம் கண் கலங்கி அறைக்குத் திரும்பினார். தன்னைப் போல இன்னொருத்தன் உலகத்தில் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"நாமளும் செய்வோம் சார்" என்று கேட்டாராம். "மொதல்ல கவர் சீலிங்க ஒழுங்காப் பாருய்யா" என்று மேனேஜர் துரத்திவிட்டார். அதனால் ஆராய்ச்சிக்கூடம் எங்கள் அறைக்கு வந்தது.

மை ஒத்தும் தாளை வாங்கி மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்துத் துணிக்கொடியில் காயப்போட்டார். என் பனியன், லுங்கி, தலையணை எல்லாம் மஞ்சளாயின. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஆம்பளப் பசங்க ரூம்ல யாருக்குபா மஞ்சத்தண்ணி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் காகிதம் வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மீன் வறுவல் டப்பாவை மறந்துபோய்ச் செவ்வாய்க்கிழமை திறந்தோம். மூடிக்குள் ஒட்டியிருந்த காகிதம் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. மோப்பம் அறைக்குள் குதித்த குதியில் ஆஸ்பெஸ்டாஸ் அதிர்ந்தது.

அடுத்த வாரமே மிச்சமிருந்த சாம்பாரை அதே காகிதத்தை நம்பிச் சாப்பிட்டோம். மீன் நாறினால் மஞ்சள் சிவக்கும். சாம்பார் புளித்தால் மஞ்சள் மஞ்சளாகவே சிரித்துக்கொண்டிருக்கும். இந்த உண்மை எங்களுக்குக் கக்கூஸ் வாசலில் வரிசையில் நிற்கும்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து மோப்பம் தன் காகிதத்தையும் சந்தேகப்பட ஆரம்பித்தார். ஒட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

நாங்கள் சாப்பிட்டது மண்ணூர் ஜெயாக்கா மெஸ்ஸில். அந்த இடத்தை அதன் சொந்தக்காரர் ஒரு குடோனுக்குப் பேசி முடித்துவிட்டார். பக்கத்துக் கம்பெனிக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஆர்டர் கிடைத்தால் அக்கா வேறு இடம் பிடிக்கலாம். கிடைக்காவிட்டால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான். கம்பெனியின் கேண்டீன் அதிகாரி ருசி பார்க்க வருவதாக இருந்தது.

"அக்கா, மூடிக்குள்ள இத ஒட்டு. ஆபீசர் அசந்துருவாரு" என்று மோப்பம் காகிதங்களைக் கொடுத்தார். அதிகாரி வந்து உட்கார்ந்ததும், "கெட்டுப்போனா செவக்கும் சார், எங்க அக்கா மெஸ்ல ஒளிவு மறைவே கெடையாது" என்று அவரே முந்திக்கொண்டு விளக்கமும் சொன்னார்.

அக்கா மூடியைத் திறந்தார். காலையில் செம்பரம்பாக்கம் ஏரியில் பிடித்த மீன், குழம்பில் கமகமத்தது. மூடிக்குள் காகிதம் ரத்தச் சிவப்பு.

அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "என்னம்மா இது?"

"ஐயோ, இப்பத்தான் சார் கொதிச்சி எறக்குனேன்! இன்னாபா பண்ணி வச்சிகீற நீ?" அக்கா மோப்பத்தின் பக்கம் திரும்பினார்.

மோப்பம் மூடியை வாங்கினார். காகிதத்தைப் பிய்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ பொருளை முகர்ந்த அந்த மூக்கு, அன்றைக்குத் தன் சொந்தக் கண்டுபிடிப்பை முகர்ந்தது. பிறகு அக்காவின் வாயைப் பார்த்தார். வெற்றிலைச் சிவப்பு. விரலைப் பார்த்தார். நுனியில் வெள்ளை.

"சார், இது மீன் இல்ல, சுண்ணாம்பு! அக்கா வெத்தல போட்ட கையோட ஒட்டியிருக்கா. மஞ்சளும் சுண்ணாம்பும் ஆவில நனஞ்சா செவக்காதா? நம்ம வீட்டு ஆரத்தி சார் இது!"

அதிகாரி நம்பவில்லை. சிவந்தால் கெட்டது என்று சற்று முன் சொன்னதும் இதே வாய்தானே? அவர் பைக் சாவியை எடுத்துவிட்டார்.

மோப்பம் ஒரு தட்டை இழுத்தார். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். முகரவில்லை. சத்தியமாக முகரவில்லை. அப்படியே அள்ளி வாயில் போட்டார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். தலையை, வாலை, நடுத்துண்டை என்று ஒன்றுவிடாமல் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்று தட்டை நீட்டினார்.

வாசல் வரை போன அதிகாரி திரும்பி வந்து, "எனக்கும் ஒரு துண்டு வைம்மா" என்றார். இரண்டாவது துண்டை அவரே கேட்டு வாங்கினார். ஆர்டர் அக்காவுக்குத்தான்.

சாயங்காலம் மோப்பம் வயிற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா அண்ணாச்சி?"

"இல்லடே. வலிக்குதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

பிறகு அவர் ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போனார். நானும் வேறு வேலை, வேறு ஊர் என்று ஆகிவிட்டேன். இப்போது என் வீட்டில் பெரிய பிரிட்ஜ் இருக்கிறது. அதிலிருக்கும் தயிரை எடுத்து அப்படியே ஊற்றிக்கொள்கிறோம். முகர்ந்து பார்த்து என் மூக்கையும் சந்தேகப்பட ஓர் ஆள் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகத்தான் இருக்கிறது.